வணக்கமானி

தச்சன் என்று ஒருவன் இருக்கிறான் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவன் முகம் எப்படி, குரல் எப்படி, கறுப்பா சிவப்பா, ஒருவருக்கும் தெரியாது.

மலைத் தண்ணீரைக் கடற்கரை நகரங்களுக்குக் குழாய்வழியே கொண்டுபோகத் தொடங்கிய காலம் அது. அந்தக் குழாய்களைத் தகர்க்கக் கிளம்பிய கூட்டம் தனக்கு மலைக்காவல் என்று பெயர் வைத்துக்கொண்டது. முதலில் குழாய்களை உடைத்தார்கள். பிறகு குழாய் போட்டவர்களைக் கொன்றார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் நகரத்துப் பேருந்து நிலையத்தில் குண்டு வைத்தார்கள். பையும் சாப்பாட்டுக் கூடையுமாகப் பேருந்துக்கு நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறையப் பேர் செத்துப்போனார்கள். குழாய்க்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று மலைக்காவல் சொல்லவில்லை. உத்தரவு தச்சனுடையது என்று மட்டும் சுவரில் எழுதிவிட்டுப் போனார்கள்.

கைபேசி வைத்துக்கொள்ளாதவனை, படம் எடுத்துக்கொள்ளாதவனை எப்படித் தேடுவது? அதற்காக அரசாங்கத்தின் அமைதி வாரியம் ஒரு இயந்திரம் செய்தது. சூட்டை அளக்க வெப்பமானி இருப்பதுபோல மரியாதையை அளக்க வணக்கமானி.

மலையடிவாரத்து ஊர்களுக்கு மேலே தும்பி அளவில் சிறு பறக்கும் கருவிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அவை முகத்தைப் பார்ப்பதில்லை. பேச்சைக் கேட்பதில்லை. ஒருவன் நடந்து வரும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பார்க்கும். உட்கார்ந்திருப்பவர் எழுந்தால் ஒரு மதிப்பெண். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டால் இன்னொன்று. தோளில் கிடக்கும் துண்டைக் கையில் எடுத்தால், பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தால், வழிவிட்டு ஒதுங்கினால், எல்லாவற்றுக்கும் மதிப்பெண். தலைவன் தன் முகத்தை மறைக்கலாம். அவனைப் பார்த்த மற்றவர்களின் முதுகெலும்பை எப்படி மறைப்பான்? கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் வேட்டியை இறக்கிவிடுவது மரியாதை என்று இயந்திரத்துக்குத் தானாகத் தெரியாதே. அதைச் சொல்லிக்கொடுத்தவள் பேச்சியம்மாள்.

பேச்சி அந்தப் பக்கத்துக்காரி. பல்கலைக்கழகத்தில் உறவுமுறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவள். பேருந்து நிலையத்தில் செத்தவர்களில், விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்து பின்னால் டீச்சரானவள் ஒருத்தியும் உண்டு. வாரியத்திலிருந்து கூப்பிட்டபோது பேச்சி இரண்டாம் முறை யோசிக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிறையச் சிரித்திருக்கிறார்கள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அமலன் ஒருநாள் கத்தினான்.

“அக்கா! ஓடி வாங்க, மாட்டிக்கிட்டான்! இவ்வளவு மார்க்கு இதுவரைக்கும் யாருக்கும் விழுந்ததே இல்ல. ஊரே துண்டை எடுத்துட்டுப் பின்னாடி போகுது. இவரு படுத்துக்கிட்டே போறாரு.”

“அட மடையா, அது பாடை.”

இயந்திரத்துக்குப் பிணத்தைக் கழிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மாப்பிள்ளையைக் கழிக்க, கோயில் கொடை விழாவில் சாமியாடுகிறவரைக் கழிக்க, எல்லாவற்றையும் பேச்சி சொல்லச் சொல்ல அமலன் ஏற்றினான். இயந்திரம் தேறியது. வெவ்வேறு ஊர்களில் மூன்று பேரை அடையாளம் காட்டியது. மூன்று பேரையும் கொசு கொன்றது. கொசு என்பது தும்பியின் வயிற்றிலிருந்து புறப்படும் சிறிய வெடி. குறித்த ஆளின் பிடரியில் போய் உட்காரும். பக்கத்தில் நிற்பவருக்குச் சட்டையில் கறை படும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் தச்சன் ஒழிந்தான் என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஒரு குழாய் வெடித்தது, சுவரில் தச்சன் பெயர் இருந்தது.

“தப்பான தலையையே வெட்டிக்கிட்டு இருக்கமோ?” என்று இயக்குநர் ராஜமன்னார் ஒருநாள் கேட்டார். அவர் அதட்டிப் பேசாத மனிதர். சின்ன வயதிலேயே படிக்க வெளிநாடு போனவர். ஊர் வழக்கம் எதுவானாலும் பேச்சியிடம்தான் கேட்பார்.

அதற்கு அமலன் ஒரு யோசனை வைத்திருந்தான். “சார், கும்பிடு வாங்குறவனையே பார்த்துட்டு இருக்கோம். யாரையும் கும்பிடாதவன் எவன்னும் பார்க்கலாமே? கூட்டமே ஒருத்தனுக்கு எந்திரிக்குது, ஒரே ஒருத்தன் மட்டும் அசையலைன்னா, அந்த ஒருத்தன் யாரு? பெரிய தலைவன்னா முன்னாடி ஒரு பொம்மையை உட்கார வச்சுட்டுப் பின்னாடி நிப்பான்ல?”

ராஜமன்னாருக்கு அது பிடித்துப்போயிற்று. இயந்திரத்தின் மதிப்பெண் பட்டியலில், யாரையும் கும்பிடாதவனுக்கென்று இன்னொரு பத்தி சேர்த்தார்கள்.

கீழப்பொட்டல் என்ற ஊரில் காதுகுத்து நடந்தது அதற்குப் பிறகுதான்.

குலசாமி கோயிலுக்கு முன்னால் வெட்டவெளி. தும்பிகளுக்கு வசதி. முற்பகலில் மேளம் முன்னால் வர, தட்டுத் தட்டாகச் சீர்வரிசை பின்னால் வர, நடுவில் ஒரு வாட்டசாட்டமான ஆள் நடந்து வந்தான். அத்தனை பேரும் எழுந்தார்கள். வேட்டிகள் மளமளவென்று இறங்கின. மாலை போட்டார்கள், தலைப்பாகை கட்டினார்கள், அவனுக்கென்று தனியாக நாற்காலி போட்டார்கள். வாரியத்து அறையில் வணக்கமானியின் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

“கொசுவைத் தயார் பண்ணவா சார்?” என்றான் அமலன்.

“இரு” என்றாள் பேச்சி. “அது தாய்மாமன்டா. காதுகுத்துல தாய்மாமன்தான் ராஜா. குழந்தை அவன் மடியிலதான் உட்காரும். இதை ஏத்த மறந்துட்டோம்.”

“தாய்மாமன் தச்சனா இருக்கக் கூடாதா?” என்றார் ராஜமன்னார்.

நியாயமான கேள்விதான். பேச்சி கொஞ்சம் யோசித்தாள்.

“இருக்கலாம் சார். தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. காது குத்தி முடியிற வரைக்கும்தான் இந்த மரியாதை. முடிஞ்சதும் மச்சான்காரன் வந்து வம்புக்கு இழுப்பான். அதுவும் சடங்கு மாதிரிதான். சந்தனத்தை மூஞ்சியில அப்புவான், நாற்காலியை இழுப்பான். இவன் வெறும் தாய்மாமன்னா கண்டிப்பா கேலி பண்ணுவாங்க. தச்சன்னா ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்.”

“சரி. பார்ப்போம்.”

அந்த வாட்டசாட்டமான ஆளின் உயிர் இப்போது யாரோ ஒருவனுடைய கேலியில் தொங்கியது. திரையில் குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்தது. நகை செய்யும் பத்தர் வலது காதைக் குத்தினார். குழந்தை வாயைப் பிளந்து அழுதது இங்கே சத்தமில்லாமல் தெரிந்தது. இடது காது. வாயில் வாழைப்பழம். சடங்கு முடிந்தது. பந்திக்கு இலை போட்டார்கள். ஒருவனும் மாமன் பக்கத்தில் போகவில்லை. பேச்சி தன் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டே மனதுக்குள் சொன்னாள். எவனாவது வாங்கடா. ஒரு மச்சான் கூடவா இல்லை அந்த ஊரில்?

வந்தான். ஒல்லியாக, சட்டைப் பொத்தான் போடாமல், ஒயர்ச் சுருள் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். நாற்காலிக்குப் பின்னால் பூனைபோல் நின்றான். மாமன் தலையிலிருந்த தலைப்பாகையைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நாலு எட்டு ராஜநடை நடந்து காட்டினான். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. மாமனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“பார்த்தீங்களா சார்!” பேச்சிக்கு மூச்சு வந்தது. “வெறும் தாய்மாமன்.”

“சரிதான்” என்றார் ராஜமன்னார். “மாமனை விட்டுரு அமலன்.”

அமலன் விட்டுவிட்டான். ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சார், அந்த ஒல்லி ஆளைப் பாருங்க. காலையிலேர்ந்து போட்டுப் பார்க்குறேன். மாமன் வந்தப்ப எல்லாரும் எந்திரிச்சாங்க. இவன் எந்திரிக்கல. கோயில் தர்மகர்த்தா வந்தப்பவும் எந்திரிக்கல. வேட்டியை இறக்கவே இல்ல. இப்ப தலைப்பாகையைப் பிடுங்குறான், யாருக்கும் கோபம் வரல. அவன் சிரிச்ச பிறகுதான் எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டாவது பத்தியில இவனுக்கு முழு மார்க்கு.”

“அவன் மச்சான்டா!” என்றாள் பேச்சி. “குழந்தையோட அப்பாவா இருக்கும். பொண்டாட்டியோட அண்ணனைக் கேலி பண்ண அவனுக்கு உரிமை உண்டு.”

“தர்மகர்த்தாவுக்கு எந்திரிக்காம இருக்கவும் உரிமை உண்டா?” என்று கேட்டார் ராஜமன்னார்.

பேச்சி தனக்குத் தெரிந்த வழக்கங்களை ஒவ்வொன்றாக மனதில் புரட்டினாள். ஒருவன் ஏன் எழுந்திருக்கவில்லை என்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். கால் வலிக்கலாம். வேலையாக இருக்கலாம். தர்மகர்த்தாவோடு சண்டையாக இருக்கலாம். எந்த வழக்கத்தில் அதைச் சேர்ப்பது?

ஒல்லி ஆள் கூட்டத்தை விட்டுத் தனியாகப் போனான். கோயிலுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தில் ஏறத் தொடங்கினான். மேலே குழாய் ஸ்பீக்கர் ஒன்று கோணலாகத் தொங்கியது.

“தலைவன் மரத்துல ஏறுவானா சார்?”

“ஏறினாத்தானே பேச்சி, இவன் தலைவன் இல்லன்னு நீங்க நினைப்பீங்க?” ராஜமன்னார் குரலை உயர்த்தவில்லை. “தனியா இருக்கான். பக்கத்துல குழந்தைங்க யாரும் இல்ல. இந்த மாதிரி இடம் மறுபடி கிடைக்காது.”

பேச்சி வாயைத் திறந்தாள். பேருந்து நிலையத்தில் செத்த தோழியின் முகம் நினைவுக்கு வந்தது. ஒருவேளை இவனாகவே இருந்துவிட்டால்? அந்த ஒரு கணம் அவள் பேசாமல் நின்றாள். கொசுவுக்கு அவ்வளவு நேரம் போதும்.

மரத்திலிருந்து தலைப்பாகைதான் முதலில் விழுந்தது. அவன் அதைக் கழற்றவே இல்லை.

இரண்டு நாள் கழித்து மலைக்காவல் சுவரில் எழுதியது. எங்கள் தலைவர் தச்சனைக் கொன்றுவிட்டார்கள். பழி வாங்குவோம்.

வாரியத்தில் லட்டு கொடுத்தார்கள். முந்தைய மூன்று பேர் செத்தபோதும் மலைக்காவல் ஒப்புக்கொண்டதில்லை, இதுதான் முதல்முறை. அமலனுக்குப் பதவி உயர்வு வந்தது. பேச்சி லட்டை மேசைமேலேயே வைத்துவிட்டாள். அவளுக்கு ஒன்று மட்டும் புரிந்தது. செத்தவனைத் தச்சன் என்று ஒத்துக்கொண்டால், உயிரோடு இருக்கிற தச்சன் இனி நிம்மதியாகக் காலை நீட்டித் தூங்கலாம்.

மூன்றாம் வாரம் வாரியத்தின் மனுக் கூடத்திலிருந்து பேச்சியைக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் வந்திருக்கிறாள், அவள் பேச்சு இங்கே யாருக்கும் பிடிபடவில்லை, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். பேச்சி போனாள்.

சுடலைவடிவு என்று பெயர் சொன்னாள் அந்தப் பெண். இடுப்பில் குழந்தை. குழந்தையின் இரண்டு காதிலும் ஆறாத புண்ணுக்கு மஞ்சள் தடவியிருந்தது.

“உக்காருங்க” என்றாள் பேச்சி.

“இருக்கட்டும்மா. எங்க வீட்டுக்காரவுக பேரு கொம்பையா. மைக் செட்டு வாடகைக்கு விடுதவுக. அவுகளைப் போயித் தச்சன்னு டி.வி.ல சொல்லுதாக. அது பொய்யின்னு ஒரு தாள் எழுதித் தாங்க. வேற ஒண்ணும் வேண்டாம். ஸ்டாம்பு மட்டும் நல்லா விழணும்.”

“அவர் தர்மகர்த்தாவுக்கு ஏன் எந்திரிக்கல?” பேச்சியின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

சுடலைவடிவு அவளை விசித்திரமாகப் பார்த்தாள். “எந்தத் தர்மகர்த்தா? அந்த ஆளா? போன கொடைக்கு மைக் செட்டு போட்டதுக்கு இன்னும் துட்டுத் தரல அந்தக் கஞ்சப்பய. அவனுக்கு எதுக்கு எந்திரிக்கணும்? எங்க அண்ணன் வந்தப்ப இவுக கீழ உக்காந்து ஆம்ப்ளிஃபையரைக் கட்டிப் பிடிச்சிட்டிருந்தாக. எந்திரிச்சா ஒயரு பிடுங்கிக்கும். பாட்டு நின்னா எங்க அண்ணன் என்னைத்தான் ஏசுவான்.”

பேச்சி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“ஆமா, இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள் சுடலைவடிவு. “நீங்க காதுகுத்துக்கு வந்திருந்தியளா?”

“இல்ல.”

“பின்ன?”

பேச்சியின் கண் குழந்தையின் காதுப் புண்ணுக்குப் போயிற்று. சுடலைவடிவு அதைக் கவனித்தாள். என்ன புரிந்ததோ, குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“ராத்திரியானா எவன்எவனோ வாரான். படத்துக்கு மாலை போடுதான். எங்க தலைவரு பொண்டாட்டி நீங்கன்னு கையெடுத்துக் கும்பிடுதான். டவுனுக்குப் போனா காறித் துப்புதாக, பஸ் ஸ்டாண்டுல பிள்ளையைப் பறிகொடுத்தவுக. அவுக துப்பாம வேற யாரு துப்புவா? எனக்கு ரெண்டும் வேண்டாம். மைக் செட்டுக்காரன் பொண்டாட்டியா இருந்துட்டுப் போறேன். அதுக்குத்தான் தாள் கேக்கேன்.”

பேச்சி ராஜமன்னாரிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஆம்ப்ளிஃபையரைக்கூடச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம் பேச்சி. ஆனா யோசிச்சுப் பாருங்க. இத்தனை வருஷத்துல நாமளும் அவங்களும் சேர்ந்து ஒத்துக்கிட்ட உண்மை இது ஒண்ணுதான். இதை இப்ப நான் மட்டும் இல்லைன்னா, நம்புறதுக்கு யாரு இருக்கா?”

சுடலைவடிவு தாள் இல்லாமல் ஊருக்குப் போனாள்.

அதன்பிறகு கொஞ்ச காலம் அமைதி. மழைக்காலம் முடிந்து வெயில் திரும்பியபோது மறுபடி ஒரு குழாய் வெடித்தது. சுவரில் இந்த முறை தச்சன் பெயர் இல்லை. தச்சன் வழியில் என்று எழுதியிருந்தது. வழி என்றால் புதிதாக யாரோ நடத்துகிறார்கள் என்று அர்த்தம். தும்பிகள் மறுபடி கிளம்பின.

ஒரு நாள் சாயங்காலம் அமலன் கூப்பிட்டான். இப்போதெல்லாம் அவன் கத்துவதில்லை.

“அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க. முதல் பத்தி, ரெண்டாவது பத்தி ரெண்டுலயும் முழு மார்க்கு. இப்படி ஒரு தடவைகூட வந்தது கிடையாது.”

கீழப்பொட்டல் குடிநீர்த் தொட்டி. வரிசையில் குடங்கள். டீக்கடை வாசலில் ஆண்கள். ஒரு பெண் குடத்தோடு நடந்து வந்தாள். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். வேட்டிகள் இறங்கின. ஒரு கிழவர் தோள் துண்டைக் கையில் எடுத்தார். வரிசை தானாக விலகி அவளுக்கு வழிவிட்டது. அவள் யாருக்கும் தலை குனியவில்லை.

“பொம்பளையா?” என்றார் பின்னால் வந்து நின்ற ராஜமன்னார். “யாரு?”

“தச்சனோட மனைவி சார்” என்றான் அமலன்.

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். இவளுக்கு இந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்பது மூன்று பேருக்கும் தெரியும். இந்த அறையிலிருந்து போனதுதான் அது. வணக்கமானி அதைக் கேட்பதில்லை, அளக்க மட்டும் செய்யும்.

“வழக்கம்தான் சார்” என்றாள் பேச்சி.

“என்ன வழக்கம்?”

“எங்க பக்கம் புருஷன் செத்த பொம்பளைக்கு ஊர் எந்திரிச்சு நிக்கும். தண்ணிக்குப் போனா முதல் குடம் அவளுக்குத்தான். எதிர்ல வந்தா வேட்டியை இறக்கி வழி விடுவாங்க. ரொம்பக் காலமா உள்ளது. ஏத்தாம விட்டுட்டோம்.”

இத்தனை வருஷம் உண்மையான வழக்கங்களைச் சொன்ன அதே குரலில் இதையும் சொன்னாள். அமலன் நகரத்துப் பையன். அவனுக்கு இது வழக்கமா இல்லையா என்று தெரியாது. சாவியில் விரலை வைத்துக்கொண்டு இயக்குநரைப் பார்த்தான்.

ராஜமன்னார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் மாட்டவில்லை.

“எங்க அப்பா செத்தப்ப எனக்கு ஏழு வயசு” என்றார். “எங்க அம்மா வாசல்ல நின்னா, வெளிய கிளம்புறவங்க ஒரு நிமிஷம் உள்ள போய் உக்காந்து தண்ணி குடிச்சுட்டுத்தான் கிளம்புவாங்க. சகுனம் சரியில்லையாம். என் கல்யாணத்துக்கே அடுப்படியில இருந்தாங்க. ஒருத்தர் எந்திரிச்சு நான் பார்த்ததில்ல.”

பேச்சி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பேசினால் கெட்டது.

“எங்க ஊர் வேற, உங்க ஊர் வேற” என்றார் ராஜமன்னார் கடைசியில். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இப்படி ஒரு வழக்கம் ஏதாவது ஒரு ஊர்லயாவது இருக்கணும். ஏத்திக்கோ அமலன்.”

“எவ்வளவு நாளைக்கு சார்? மாப்பிள்ளைக்கு மூணு நாள் போட்டிருக்கோம்.”

ராஜமன்னார் பேச்சியைப் பார்த்தார்.

“உயிரோட இருக்கிற வரைக்கும்” என்றாள் பேச்சி.

அமலன் ஏற்றினான். திரையின் ஓரத்தில் மளமளவென்று எண்கள் இறங்கி, இரண்டு பத்தியிலும் அந்தப் பெண்ணுக்கு எதிரே வெற்றிடம் விழுந்தது. அவளைப் போலப் புருஷனை இழந்த அத்தனை பெண்களையும் அந்த நொடியிலிருந்து வணக்கமானி பார்க்காது. ராஜமன்னார் தன் அறைக்குப் போய்விட்டார். அமலன் அடுத்த ஊரைத் தேட ஆரம்பித்தான்.

கீழப்பொட்டல் படம் மூலையில் சிறியதாக ஓடிக்கொண்டிருந்தது. பேச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

குடம் நிரம்பிவிட்டது. சுடலைவடிவு அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். டீக்கடை ஆண்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் ஒரு கணம் நின்று அவர்களைப் பார்த்தாள். பிறகு வலது கையைச் சற்றே உயர்த்தி, விரல்களை மட்டும் கீழே தாழ்த்தினாள்.

அத்தனை பேரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தார்கள்.